ஸ்பானிஷ் படிக்க ஆங்கிலம் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற திங்கட்கிழமை உங்கள் கல்வி இணைப்பில், வெளிநாட்டு மொழி படித்தால் என்னென்ன வேலை கிடைக்கும் என்று ஒரு கட்டுரை வந்திருந்தது. ஸ்பானிஷ் பற்றிய பகுதியில் இப்படி ஒரு வரி: “ஆங்கிலத்தில் நல்ல தேர்ச்சி உள்ளவர்கள் மட்டும் இதைத் தேர்ந்தெடுக்கலாம்.” அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். பக்கத்தில் பெட்டி கட்டி, ‘எளிய ஸ்பானிஷ் சொற்கள் பத்து’ என்று வேறு போட்டிருந்தீர்கள். அந்தப் பெட்டியையும் சும்மா விடுவதாக இல்லை.

நான் இரண்டு பல்கலைக்கழகங்களில் 31 ஆண்டுகள் ஸ்பானிஷ் சொல்லிக்கொடுத்தவள். 2021-ல் அம்மாவைப் பார்த்துக்கொள்ள விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு நாகர்கோவிலுக்கே திரும்பிவிட்டேன். பிறந்ததும் வளர்ந்ததும் கோட்டாறு. அப்பா கம்போளத்தில் ஒரு மளிகைக் கடையில் கணக்கு எழுதினார். பிளஸ் டூ என்ற ஒன்று தமிழ்நாட்டுக்கு வந்தபோது அதை எழுதிய முதல் செட் நாங்கள், 1980. அதுவரைக்கும் எல்லாமே தமிழ்வழிதான். ஆங்கிலத்தில் ஒரு விண்ணப்பம் எழுத வேண்டுமென்றால்கூடப் பக்கத்து வீட்டு ஹெட்மாஸ்டரிடம் போய் நிற்போம்.

அப்படிப்பட்டவள் டெல்லிக்குப் போய் ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் ஸ்பானிஷ் பி.ஏ. சேர்ந்தது எப்படி என்பது பெரிய கதை. அது இங்கே வேண்டாம். ரயில் ஏற்றிவிட வந்த அம்மா கேட்ட கேள்வி மட்டும் இன்றைக்கும் நினைவிருக்கிறது: “மக்களே, அது எந்த ஊரு பாஷை? நம்ம ஊர்ல யாரு அதைப் பேசுவா?”

முதல் வாரமே பெரோ, பெறோ என்று இரண்டு சொற்களைப் பலகையில் எழுதினார்கள். முதலாவது ‘ஆனால்’. இரண்டாவது ‘நாய்’. நாக்கு நுனி ஒருமுறை தட்டினால் ஆனால். அதிர்ந்து உருண்டால் நாய். வகுப்பில் பாதிப் பேருக்கு எல்லாமே ஆனால்தான். என் முறை வந்தது. எங்கள் ஊரில் கரி வேறு, கறி வேறு; அடுப்பில் கிடப்பதையும் சட்டியில் கிடப்பதையும் யாரும் குழப்பிக்கொள்வதில்லை. ரகரத்தையும் றகரத்தையும் தமிழ்நாட்டின் பெரும்பகுதி ஒன்றாக்கிவிட்டது. கன்னியாகுமரி மாவட்டத்திலும் யாழ்ப்பாணத்திலும் இன்னும் மிச்சமிருக்கிறது. “நாய்” என்று தெளிவாகச் சொன்னேன். ஆசிரியர் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார், பிறகு வகுப்புக்கே சொல்லிக்காட்டச் சொன்னார். டெல்லி வந்த பிறகு நான் நிமிர்ந்து நின்ற முதல் நாள் அதுதான்.

இப்போது உங்கள் பெட்டிக்கு வருகிறேன். ‘எல்லாம்’ என்பதற்கு ‘டோடோ’ என்றும், ‘ஒன்றுமில்லை’ என்பதற்கு ‘நாடா’ என்றும் அச்சிட்டிருக்கிறீர்கள். நாடா என்றால் பாவாடை நாடா. கட்டுரையாளர் மேல் தவறில்லை. அவர் ஆங்கில எழுத்தைப் பார்த்துத் தமிழில் எழுதியிருக்கிறார். ஆங்கிலக்காரர் நாக்கை மேலே ஏற்றிச் சொல்லும் ஒலி நம் காதில் டகரமாக விழுகிறது. அதையே ஸ்பானிஷின் மேலும் ஏற்றிவிடுகிறோம். ஸ்பானிஷில் அவை பல்லில் நாக்கு படும் ஒலிகள், நம் தகரம்.

அதோடு முடியவில்லை. அந்த ‘எல்லாம்’ என்ற சொல்லில் இரண்டு வெவ்வேறு எழுத்துகள். முதலில் வருவது வல்லோசை. நடுவில் வருவது உயிர்களுக்கிடையே மெலிந்து, நாக்கு பல்லை உரசியும் உரசாமலும் போகும் ஓசை. நம் ‘அது’ என்ற சொல்லில் தகரம் எப்படி ஒலிக்கிறதோ அப்படி. இதை ஆங்கிலத்தில் விளக்கப் புத்தகத்தில் ஒரு பக்கம் ஆகிறது. தமிழில் ‘தோதோ’ என்று எழுதிக் கொடுங்கள். எந்தத் தமிழ்ப் பிள்ளையும் முதல் தகரத்தை அழுத்தியும் இரண்டாவதை மெலித்தும் தானாகவே படித்துவிடும். ஒரே எழுத்துதான்; இடத்தைப் பார்த்து ஒலி மாறும் என்று நம் வாய்க்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ‘நாதா’வும் அப்படியே. பல் வலிக்கு மருந்து போட்டதுபோல் டகரத்தைத் துப்பிக்கொண்டு ஸ்பானிஷ் பேசும் நம் ஊர்ப் பட்டதாரிகளைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்த வருத்தம்.

எல்லா இடத்திலும் இந்த வித்தை பலிக்காது, ஒப்புக்கொள்கிறேன். மெல்லினத்தை அடுத்து வந்தால் நம் தகரம் குழைந்துவிடும். ஸ்பானிஷில் அங்கேயும் விறைப்பாக நிற்கும். அதனால் ‘ஜன்னல்’ என்பதற்கான அவர்கள் சொல்லை (ventana) நம் எழுத்தில் சரியாக எழுதப் படாதபாடு படவேண்டும். ஆனால் அந்தச் சொல்லைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அது ‘காற்று’ என்ற சொல்லிலிருந்து பிறந்தது. நம் பழைய தமிழில் ஜன்னலுக்குப் பெயர் காலதர்: கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. ‘ஜன்னல்’ போர்ச்சுகீசியரிடமிருந்து வந்தது, சாவியும் அப்படித்தான். போர்ச்சுகீசில் சாவே, ஸ்பானிஷில் யாவே. இரண்டுக்கும் தாய் லத்தீனில் ஒரே சொல். மழைக்கும் இதே கதை: அங்கே சூவா, இங்கே யூவியா. ஆக, சாவி தெரிந்த தமிழருக்கு ஒலி மாற்றப் பாடத்தில் முதல் எடுத்துக்காட்டு கைவசம் இருக்கிறது.

இதைச் சொன்னால் உடனே மேடைப் பேச்சாளர்கள் வந்துவிடுவார்கள், ‘அர்ரோஸ் நம் அரிசிதான்’ என்று. அவசரப்பட வேண்டாம். ஸ்பானிஷுக்கு அது அரபியிலிருந்து வந்தது. அதற்கு முன்னால் எங்கிருந்து என்பதில் அறிஞர்களுக்குள் இன்னும் வழக்கு நடக்கிறது. கட்டுமரம் நம்முடையது, சந்தேகமில்லை. ‘பாரியா’ என்ற சொல்லும் தமிழிலிருந்து போனதுதான். பறை கொட்டும் மக்களின் பெயரை எடுத்துப்போய் ‘ஒதுக்கப்பட்டவன்’ என்று ஐரோப்பா முழுவதும் புழங்கவிட்டார்கள். வகுப்பில் அந்தச் சொல் வரும்போது நான் பெருமைப் பட்டியலில் அதைச் சேர்த்ததில்லை. எங்கிருந்து வந்தது என்று மட்டும் சொல்லிவிட்டு, ஒரு நிமிடம் பலகையைத் துடைத்துக்கொண்டிருப்பேன்.

1987 அக்டோபரில் ஸ்பெயின் அரசின் உதவித்தொகையில் ஓராண்டு சலமாங்காவுக்குப் போனேன். 1218-ல் தொடங்கிய பல்கலைக்கழகம். முகப்புச் சுவரில் கல்லில் செதுக்கிய ஒரு மண்டை ஓடு, அதன் மேல் ஒரு தவளை. தானாகத் தவளையைக் கண்டுபிடிக்கும் மாணவர் தேர்வில் தேறுவார் என்பது ஐதீகம். எனக்கு நான்கு நாள் ஆயிற்று. ஐந்தாம் நாள் ஒரு தள்ளுவண்டிக்காரர் கைநீட்டிக் காட்டிவிட்டார். அது கணக்கில் சேராதாம். இந்த ஊரில் பாடம் சொன்ன நெப்ரிகாதான் 1492-ல் ஸ்பானிய மொழிக்கு முதல் இலக்கணம் அச்சிட்டவர். மொழி எப்போதும் பேரரசின் தோழி என்று முன்னுரையில் அரசிக்கு எழுதிய அந்த ஒரு வரியால்தான் எல்லாரும் அவரை நினைவு வைத்திருக்கிறார்கள். எனக்கு அவரைப் பிடித்தது வேறொன்றுக்காக. அந்தப் புத்தகத்தின் ஐந்தாம் பகுதி முழுக்க வேற்றுமொழிக்காரர் கற்றுக்கொள்வதற்காக எழுதியது. பாடம் யாருக்கு, அவர் எந்த மொழியிலிருந்து வருகிறார் என்ற நினைப்பு முதல் இலக்கணத்திலேயே இருந்திருக்கிறது.

ஸ்பானிஷ் படிக்கிற எவரையும் அழவைப்பது ‘இரு’ என்ற வினை. அவர்களுக்கு அது இரண்டு: ஸேர், எஸ்தார். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். அதனால் ஆங்கிலப் புத்தகங்கள் ‘நிரந்தரமானதற்கு ஸேர், தற்காலிகமானதற்கு எஸ்தார்’ என்று ஒரு விதி சொல்லும். டெல்லியில் அதைத்தான் மனப்பாடம் செய்தேன். அந்த விதி அடுத்த தெருவிலேயே கவிழ்ந்துவிடும். கல்லாய்க் கட்டிய தேவாலயம் 300 வருஷமாக ஓரிடத்தில் நிற்கிறது, அதற்கு எஸ்தார். ஒரு மணி நேரத்தில் முடியும் விருந்து எங்கே நடக்கிறது என்று சொல்ல ஸேர். எது நிரந்தரம், எது தற்காலிகம்?

நான் தங்கியிருந்த வீட்டு அம்மாள் கணவரை இழந்தவர். அவர் அக்கா மகளுக்குக் கல்யாணம். கூடத்தில் தொலைபேசியில் உறவினர் ஒவ்வொருவருக்கும் ஒரே செய்தியை உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்: கல்யாணம் இந்தக் கோவிலில் (ஸேர்), கோவில் ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் (எஸ்தார்). ஏழெட்டுத் தடவை காதில் விழுந்தது. குறிப்பேட்டில் எழுதிவைத்துக்கொண்டேன், காரணம் புரியவில்லை. அதே வாரம் என்று சொன்னால் கதைபோல் இருக்கும்; இரண்டு வாரம் கழித்துத்தான் அம்மாவின் நீலநிற ஏர்மெயில் வந்தது. என் சித்தப்பா மகனுக்குக் கல்யாணம். அம்மா எழுதியிருந்தது அப்படியே:

“கலியாணம் வடசேரி மண்டபத்தில். மண்டபம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால இருக்கு.”

முதல் வாக்கியத்தில் ‘இருக்கு’ இல்லை. இரண்டாவதில் இருக்கு. கல்யாணம் ஒரு நிகழ்ச்சி, நடப்பது. மண்டபம் ஒரு பொருள், இருப்பது. “கல்யாணம் மண்டபத்தில் இருக்கிறது” என்று எங்கள் அம்மா செத்தாலும் எழுதமாட்டார். அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறையில் வெகுநேரம் நின்றேன். வீட்டு அம்மாள் ஊரில் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து நாற்காலி இழுத்துப் போட்டார்.

அன்றிரவு தாள் தாளாக எழுதிப் பார்த்தேன். ‘அவர் டாக்டர்’: தமிழில் வினை இல்லை, ஸ்பானிஷில் ஸேர். ‘அவர் வீட்டில் இருக்கிறார்’: எஸ்தார். ‘அவர் அமைதியானவர்’: ஸேர். ‘அவர் அமைதியாக இருக்கிறார்’: எஸ்தார். அது சுபாவம், இது இப்போதைய நிலை. அந்த வேறுபாட்டை மூன்று வயதிலேயே நாம் வாயில் வைத்திருக்கிறோம். ஆங்கிலம் வழியாக வந்ததால், வீட்டுக்குள் இருந்த பொருளை ஏழு வருடமாக ஊரெல்லாம் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

முழுக்கப் பொருந்துமா என்றால் பொருந்தாது. ‘செத்துப்போனவர்’ என்பதற்கு அவர்கள் எஸ்தார் போடுவார்கள். நாம் ‘இறந்துவிட்டார்’ என்று வேறு வழியில் போய்விடுவோம். ‘உயரமாக இருக்கிறார்’ என்று நாம் தாராளமாகச் சொல்கிற இடத்தில் அவர்கள் ஸேர் கேட்பார்கள். இந்தப் பொருந்தும் இடங்களையும் பொருந்தாத இடங்களையும் பிரித்து எடுப்பதுதான் பிறகு என் முனைவர் பட்டமாக ஆயிற்று. ஆறு வருட உழைப்பு. வித்து அம்மாவின் ஏர்மெயில். அம்மாவிடம் சொன்னபோது, “அந்தக் கல்யாணத்துக்கு நீ வரல்லியே” என்றார்.

1990-லிருந்து வேலை. வடக்கே ஒரு பல்கலைக்கழகத்தில் கொஞ்ச காலம், பிறகு ஐதராபாத்தில். அங்கே ஒரு வருடம் கமுதிப் பக்கத்திலிருந்து ஒரு மாணவர் வந்து சேர்ந்தார். தமிழ்வழி. முதல் மூன்று மாதம் வாயே திறக்கவில்லை. ஆங்கிலத்தில் கேள்வி கேட்டால் தரையைப் பார்ப்பார். மற்ற ஆசிரியர்கள் ‘இவருக்கு மொழி வராது’ என்று முடிவுகட்டிவிட்டார்கள். நான்காம் மாதம் ‘பிடிக்கும்’ பாடம். ஸ்பானிஷில் ‘நான் காபியை விரும்புகிறேன்’ என்று சொல்வதில்லை. மே குஸ்தா எல் கஃபே. சொல்லுக்குச் சொல், எனக்குப் பிடிக்கும் காபி. ஆங்கிலத்திலிருந்து வரும் பிள்ளைகள் வருடக்கணக்கில் ‘நான்’ என்று ஆரம்பித்துத் தப்பு செய்வார்கள். அன்று தேர்வுத்தாளில் 22 பேரில் அந்தக் கமுதிக்காரர் ஒருவர் மட்டும் பத்து வாக்கியத்திலும் ‘எனக்கு’ என்று சரியாகத் தொடங்கியிருந்தார். ‘எனக்குத் தலை வலிக்கிறது’, ‘எனக்குத் தோன்றுகிறது’, ‘எனக்கு இரண்டு ரூபாய் குறைகிறது’ எல்லாம் இதே அச்சு. அவர் தப்புச் செய்தது வேறிடத்தில்: புத்தகம் ஒன்றானாலும் பத்தானாலும் நமக்குப் ‘பிடிக்கும்’; அவர்களுக்குப் பன்மை வந்தால் வினையும் பன்மையாக வேண்டும். அது ஒரு நாள் வேலை.

தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது அவரைத் தனியே கூப்பிட்டு, “நீங்க தமிழ்ல யோசிச்சீங்களா?” என்று கேட்டேன். குற்றம் கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைத்துவிட்டார். “இல்ல மேடம், இனிமே இங்கிலீஷ்லயே யோசிக்கிறேன் மேடம்” என்றார். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. அவர் இன்று மெக்ஸிகோவில் ஒரு நிறுவனத்தில் மொழிபெயர்ப்பாளர்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான் தமிழ் வழியாக ஸ்பானிஷ் கற்க ஒரு பாடநூல் எழுத உட்கார்ந்தேன். விடுமுறைகளில் எழுதி 2004-ல் முடித்தேன். கையெழுத்துப் படியாக 214 பக்கம். ஒரு கல்வி நிறுவனத்துக்கு அனுப்பினேன். பெயர் வேண்டாம். குழுவின் முன்னால் கூப்பிட்டார்கள். ஒருவர் கேட்டார்: “ஸ்பானிஷ் படிக்க வருகிறவனுக்கு ஆங்கிலம் தெரியாமலா இருக்கும்?” இன்னொருவர், விளக்கங்களை ஆங்கிலத்தில் மாற்றித் தந்தால் யோசிக்கலாம் என்றார். விளக்கத்தை ஆங்கிலத்தில் மாற்றினால் புத்தகத்தில் மிச்சம் இருப்பது அட்டைதான். திரும்ப எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். பதவி உயர்வுக்கான நேர்காணலிலும் இதே வாடை: “உங்கள் ஆய்வில் தமிழ் எதற்கு? ஸ்பானிய மொழியியலுக்கு அதனால் என்ன லாபம்?” பதில் சொன்னேன். அந்த முறை கிடைக்கவில்லை. மூன்று வருடம் கழித்துக் கிடைத்தது, தமிழ் என்ற சொல்லே இல்லாத இன்னொரு கட்டுரைக்காக.

அந்த நாட்களில் எனக்குத் துணையாக இருந்தவர் மரியா மோலினெர். சலமாங்காவில் உதவித்தொகையை மிச்சம்பிடித்து நான் வாங்கிய ஒரே பெரிய பொருள் அவருடைய அகராதி. செங்கல்போல் இரண்டு தொகுதி, விமானத்தில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். அவர் நூலகர். உள்நாட்டுப் போருக்குப் பிறகு ஆட்சிக்கு வந்தவர்கள் அவரைப் பதவிவரிசையில் கீழே இறக்கினார்கள். 1950-களில் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அட்டை அட்டையாக எழுதத் தொடங்கினார். வேலை, வீடு, பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் நடுவில். 1966-67-ல் அகராதி வெளிவந்தது. 1972-ல் ஸ்பானிய மொழிக்கான அரச கழகத்துக்கு உறுப்பினராக அவர் பெயரை முன்மொழிந்தார்கள். வாக்கெடுப்பில் இடம் வேறொருவருக்குப் போயிற்று. 1713-ல் தொடங்கிய அந்தக் கழகம் ஒரு பெண்ணை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது 1978-ல்தான், அவரும் கவிஞர் கார்மென் கோந்தே. இரட்டை எழுத்துகளான ch (‘ச்’), ll (‘ய்’) இரண்டையும் தனி எழுத்தாகக் கொள்ளாமல் வரிசைப்படுத்த வேண்டும் என்று ஸ்பானிஷ் பேசும் நாடுகளின் மொழிக் கழகங்கள் 1994-ல் முடிவு செய்தன. மோலினெர் அதை ஏறக்குறைய முப்பது வருடத்துக்கு முன்பே சாப்பாட்டு மேசையில் செய்து முடித்திருந்தார். என் 214 பக்கத்தை அவருடைய இரண்டு செங்கல்லுக்குக் கீழேதான் வைத்திருக்கிறேன்.

இன்னொரு விஷயம், எங்கள் ஊர் விஷயம். டிசம்பர் 3 சவேரியார் திருவிழா; கோட்டாறு பேராலயத் தெருவில் நடக்க இடமிருக்காது. ஸ்பெயின் நாட்டுப் புனிதர் என்று ஒலிபெருக்கியில் சொல்வார்கள். அவர் பிறந்தபோது தனி அரசாக இருந்த நவார்ரா நாட்டுக்காரர். தன் தாய்மொழி பாஸ்க் என்று அவரே கடிதத்தில் எழுதியிருக்கிறார்: இவர்கள் மொழி மலபார், என் மொழி பாஸ்க், ஒருவரை ஒருவர் புரிந்துகொள்ள முடியவில்லை என்று. (அன்று ஐரோப்பியர் தமிழை மலபார் என்பார்கள். சவேரியார் என்ற பெயரே பாஸ்க்கில் ‘புது வீடு’ என்று பொருள்படும் ஊர்ப்பெயர்.) 1542-ல் முத்துக்குளித்துறைக்கு வந்து, இரு மொழியும் கொஞ்சம் தெரிந்தவர்களை வைத்து ஜெபங்களைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்து, கையில் மணியடித்துக்கொண்டு பிள்ளைகளைக் கூட்டினார்.

1544-ல் உடன் ஊழியரான மன்சில்யாசுக்கு அவர் எழுதிய கடிதத்தில் ஒரு திருத்தம் வருகிறது. விசுவாச அறிக்கையில் ‘நம்புகிறேன்’ என்று வரவேண்டிய இடத்தில் இத்தனை நாளும் ‘எனக்கு வேணும்’ என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம். இனி ‘வேணும்’ வேண்டாம், ‘விசுவாசம்’ என்று சொல்லுங்கள். வேணும் என்றால் விரும்புகிறேன் என்று பொருள், என்கிறார். கடற்கரையெல்லாம் பிள்ளைகள் மாதக்கணக்கில் ‘எனக்கு வேணும்’ என்று கடவுள் முன்னால் சொல்லியிருக்கிறார்கள். இதை வகுப்பில் படித்துக்காட்டினால் சிரிப்பார்கள். சிரித்து முடித்ததும் கேட்பேன்: ஸ்பானிஷில் நம்புவதும் விரும்புவதும் இரண்டுமே ‘நான்’ என்று தொடங்கும், தமிழில் ‘நான் நம்புகிறேன்’, ‘எனக்கு வேணும்’. தப்பை எப்படிக் கண்டுபிடித்திருப்பார்? வகுப்பு அதோடு ஒரு மணி நேரம் ஓடும். அந்த மனிதர் தமிழுக்கு வந்த வழியில் ஆங்கிலம் என்ற சுங்கச்சாவடி இல்லை என்பதையும் சொல்லிவிடுவேன்.

இப்போது வீட்டு முன்னறையில் ஆறு பேர் படிக்கிறார்கள், சனி ஞாயிறு. குளச்சல் பையன் ஒருவன், கப்பலில் சமையல் உதவியாளாகப் போகிறவன், பத்தாவதோடு நின்றவன். போன மாதம் அம்மாவுக்குத் தண்ணீர் எடுத்துக்கொண்டு போகும்போது டம்ளர் கைதவறி விழுந்தது. ‘டீச்சர், ஸே மே காயோ’ என்றான். ‘நான் போட்டுவிட்டேன்’ என்று ஸ்பானிஷ்காரர் சொல்வதில்லை, அது எனக்கு விழுந்துவிட்டது என்பார். நாமும் ‘கைதவறி விழுந்துருச்சு’ என்கிறோமே தவிர, குற்றத்தை நம் தலையில் ஏற்றிக்கொள்வதில்லை. ‘எனக்கு மறந்துபோச்சு’ என்பதும் அச்சு அசல் இதுவே. ஆங்கிலவழியில் மூன்றாம் ஆண்டில் தட்டுத்தடுமாறி வரும் வாக்கியம் அது. அவன் நான்காம் மாதத்தில் உடைந்த டம்ளரைப் பொறுக்கிக்கொண்டே சொன்னான்.

வேலைவாய்ப்பைப் பற்றி நீங்கள் எழுதியதில் கொஞ்சம் தண்ணீர் கலக்க வேண்டும். மாதம் லட்சம் என்பது சிலருக்கு, சில வருடம் கழித்து. பள்ளிகளில் மணிக்கணக்குக்குச் சம்பளம் வாங்கும் ஸ்பானிஷ் ஆசிரியர்களை எனக்குத் தெரியும். பாதிப் பேருக்கு மே மாதம் சம்பளம் கிடையாது. படிக்க நினைப்பவர்கள் ஏதோ ஒரு பயிற்சி மையத்தின் வண்ணச் சான்றிதழை நம்பாமல் தேலே தேர்வுக்குத் தயாராகட்டும். செர்வாந்தெஸ் நிறுவனம் நடத்துவது, ஸ்பெயின் அரசின் கல்வித் துறை பெயரில் வருவது, காலாவதி ஆகாதது. ஆறு படிகள், வேலை என்று பேசத் தொடங்குவது நான்காம் படியிலிருந்து. ஏறக்குறைய 50 கோடிப் பேரின் தாய்மொழி, 20 நாடுகளின் ஆட்சிமொழி என்றெல்லாம் எழுதியிருந்தீர்கள். சரிதான். அந்த 50 கோடியில் பெரும்பாலோரிடம் ஆங்கிலம் பேசினால் வழிகூடக் கேட்க முடியாது.

ஆகவே என் வேண்டுகோள் இரண்டு. அடுத்த இணைப்பில் அந்த ‘ஆங்கிலத்தில் நல்ல தேர்ச்சி’ என்ற வரிக்கு ஒரு திருத்தம் போடுங்கள். ‘தமிழில் நல்ல தேர்ச்சி இருந்தால் போதும்’ என்று என் பெயரைப் போட்டே போடலாம். அந்தப் 214 பக்கத்தை ஒளிநகல் எடுத்துக்கொள்ள யாராவது கேட்டால் என் வீட்டு முகவரியைக் கொடுங்கள். ஒளிநகல் செலவு அவர்களுடையது.

இரண்டாவது கொஞ்சம் அவசரம். பெட்டியில் பத்தாவதாகப் புத்தாண்டு வாழ்த்து கொடுத்து, ‘ஆண்டு’ என்ற சொல்லை ‘அனோ’ என்று அச்சிட்டிருக்கிறீர்கள். அங்கே வரவேண்டியது ஞகரம்: அஞ்ஞோ. ஆங்கில எழுத்தின் தலைமேல் இருக்கவேண்டிய சிறு வளைகோடு வழியில் எங்கோ உதிர்ந்துவிட்டது. னகரம் போட்டுச் சொன்னால் அது மனித உடம்பில் உட்காரும் பக்கத்தில் இருக்கும் ஓர் உறுப்பு. உங்கள் பத்திரிகை வீட்டுக்கு வீடு போகிறது. ஜனவரி முதல் தேதிக்குள் திருத்தம் வந்துவிட்டால் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஸ்பானிய மொழிப் பேராசிரியை,
கோட்டாறு, நாகர்கோவில்.